பாலத்தடியில் ஏற்றிய பெட்டி

மாநகராட்சி லாரியை அவர் இருபது வருடம் ஓட்டினார். ஒருநாள் பாலத்தடியில் குடியிருந்தவர்களின் சாமான்களை அள்ளிப்போட உத்தரவு வந்தது. ஒரு தகரப்பெட்டியை ஏற்றும்போது பக்கத்தில் குடியிருந்தவள் ஓடிவந்தாள்.

"அண்ணே, அத மட்டும் விட்டுடுங்க. அக்கா உங்க ஆபீசுக்குத்தான் வீட்டு மனு கொடுக்கப் போயிருக்கு."

"மேல இருக்கறவங்களுக்கு நான்தாம்மா பதில் சொல்லணும்," என்று வண்டியை எடுத்துவிட்டார்.

பெட்டிக்காரி தேடி வருவதற்குள் குப்பைக்கிடங்கில் எல்லாம் நசுங்கிவிட்டது. இறந்துபோன மகளின் ஒரே புகைப்படம் அதில்தான் இருந்தது.

அடுத்த வருடம் அதே மாநகராட்சி அவளுக்கு வீடு கொடுத்தது. ஓய்வுபெற்றபின் அவர் அங்கே மன்னிப்புக் கேட்கப் போனார். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "நீங்க என்ன பண்ணுவீங்கண்ணே, சொன்னதச் செஞ்சீங்க," என்றாள். திட்டியிருந்தாலாவது அவருக்கு மனசு ஆறியிருக்கும்.