என் பைக், இன்னொருவர் பெயர்

கண்ணில் கட்டுப் போட்ட அம்மாவைக் கூட்டிவர டவுன் கிளினிக்குக்குப் போனபோது, பக்கத்தில் காசுக்கு வண்டி நிறுத்தும் தனியார் வளவில் பைக்கை விட்டேன். பலகையில் ஐம்பது ரூபாய் என்றிருந்தது. அம்மாவுடன் திரும்பியதும் காவலாளி ஐந்நூறு கேட்டார்.

“ஒரு மணித்தியாலம் தாண்டிட்டு, தம்பி.”

“பலகையில அப்படி இல்லையே, அண்ணன்?”

“படிச்ச பொடியன்தானே, கேட்டிருக்கலாமே! சரி, பைக் உங்கடதா? புத்தகத்தக் காட்டுங்க, விடுறன்.”

வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பைக்கைப் பழையதாக வாங்கிய நான் பெயர் மாற்றவேயில்லை; புத்தகத்தில் விற்றவரின் பெயர்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காவலாளி, “அப்ப பொலிசக் கூப்பிடவா?” என்று சிரித்தார்.

“காசக் குடுத்திட்டு வா மனே, எனக்கு வெயில் தாங்க ஏலா,” என்றார் அம்மா.

கொடுத்தேன். அநியாயம் என்று தெரிந்தே கொடுத்தது இன்னும் எரிகிறது. அடுத்த கிழமையே பெயரை மாற்றினேன். இப்போதெல்லாம் நிறுத்துமுன் கட்டணத்தை வாய்விட்டுக் கேட்கிறேன். கூடுதலாகக் கேட்டால், புத்தகத்தை நானே நீட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறேன்.