அக்காவின் கடலோர வழி

இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும். வலது கையின் இரண்டு விரல்களால் அக்கா கைபேசித் திரையில் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அவளுக்கு வாகாகக் கைபேசியைச் சாய்த்துப் பிடித்திருப்பார். அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். கல்யாணக் கோலமோ, என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போன வயதோ வருவதில்லை. ஆஸ்பத்திரியின் அந்த நீண்ட அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர், தலைக்கு மேல் ஒரு மருந்துப் பை. எல்லோரும் கண்ணை மூடிக் கிடக்கிற நேரத்தில் அக்கா மட்டும் பூவாறில் ஆறு கடலில் சேரும் இடத்தைச் சைக்கிளோடு எப்படிக் கடப்பது என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தக் கேள்விக்கு ஒருநாள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது. பூவாறுக்காரி ஒருத்தி, மீன்காரக் குடும்பம், அக்காவைவிடச் சிறியவள். மணல்திட்டு ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது, அதை நம்பி வரக்கூடாது, உள்ளே சுற்றிப் பாலம் வழியாகத்தான் போகவேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். பிறகு இருவருக்கும் சிகிச்சை நாள் ஒன்றாகவே அமைந்ததில் சிநேகமாகிவிட்டார்கள். போகிற வழிதானே, வீட்டுக்குள் ஏறிவிட்டுத்தான் போகவேண்டும் என்று அக்காவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பூவாறு எங்கள் வழியில் நின்றே தீரவேண்டிய இடமாயிற்று.

சைக்கிள் பைத்தியம் அக்காவுக்குத் தாமதமாக வந்தது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். நடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கியர் சைக்கிள் வாங்கிக்கொண்டு, அத்தானையும் ஒன்று வாங்க வைத்தாள். ஞாயிறு காலைகளில் திருவனந்தபுரத்தில் கரமனை வீட்டிலிருந்து சங்குமுகம் கடற்கரைவரை போய்வருவார்கள். நானும் சில சமயம் கூடப் போவேன். அப்படி ஒரு காலையில், கடல் தின்றுபோட்ட ரோட்டின் விளிம்பில் நின்றுகொண்டு தெற்கே பார்த்துச் சொன்னாள். "இப்படியே கடலைப் பிடிச்சுக்கிட்டு போனா கன்னியாகுமரி வந்துரும் அல்லே?" அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வருஷமே நோய் தெரிந்துவிட்டது. சைக்கிள் பயணப் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைத்தோம். அதற்குப் பிறகுதான் தீவிரமானது. அத்தான் முதலில் அவள் மனம் ஆறட்டும் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அக்காவோடு வெறுமனே தலையாட்டிக்கொண்டிருக்க முடியாது. எந்த ஏற்றம், எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்று கேட்பாள். பதில் இல்லாவிட்டால் கோபம் வரும். குளச்சலில் ஒரு இரவு தங்கிப் போகலாம் என்று அத்தான் சொன்னபோது நடந்த சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ரெண்டு நாள்னா அது டூர். ஒரே நாள்ல போனாத்தான் ரைடு" என்றாள். முடி முழுக்கக் கொட்டிப்போய், தலையில் பருத்தித் துணி சுற்றியிருந்த சமயம் அது. அத்தான் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் செம்மண் ஏற்றம் அவளால் முடியாது என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது, உண்மையிலேயே போகப்போவதைப் போலவே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. அன்று சாயங்காலம் அத்தான் முட்டத்தை மறுபடி வழியில் சேர்த்தார்.

ஒரு ஞாயிறு நானும் அத்தானும் என் ஸ்கூட்டரில் பொழியூர்வரை போய், கடலோர ரோடு எங்கே உடைந்திருக்கிறது என்று வீடியோ எடுத்துக்கொண்டு வந்தோம். அக்கா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். இது தார் ரோடா, மணலா? இந்தத் திருப்பத்தில் நாய் இருக்கிறதே? அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கியது. மார்கழி கழிந்ததும் போகலாம் என்று முடிவாயிற்று. அப்போது மழை இருக்காது. கிழக்கே போகப் போக எதிர்க்காற்று மட்டும் இருக்கும். அதை அவள் பொருட்படுத்தவில்லை.

மார்கழியில் எடுத்த ஸ்கேன் நல்லதாக இல்லை. பூவாறுக்காரியின் நாற்காலியிலும் சில வாரமாக வேறு யாரோதான். டாக்டர் அத்தானைத் தனியாக அழைத்துப் பேசினார். டாக்டர் என்ன சொன்னார் என்று அக்கா கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, நீயும் அத்தானும் போய்வாருங்கள் என்றாள். அத்தான் முடியாது என்றார். இந்த நிலையில் உன்னை விட்டுவிட்டு எங்கும் போகமாட்டேன், நீ தேறியதும் மூன்று பேருமாகப் போவோம் என்றார். அக்கா சொன்னாள்: "நான் தேறுறது தேறாதது வேற காரியம். யாராவது போகலைன்னா இத்தனை நாளும் வெறும் வாய்ப்பேச்சு ஆயிரும்லா. ஒவ்வொரு எடத்துலேருந்தும் போன் பண்ணுங்க. மதி." போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாயில் வருவது அந்த மலையாளச் சொல்தான்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் கிளம்பினோம். என் மனைவி அக்காவோடு இருந்தாள். கோழி கூவும் நேரத்தில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கோவளம், விழிஞ்ஞம் ஏற்றங்களைக் கடந்து போனோம். அங்கிருந்து அழைத்தபோது அக்கா முதல் மணியிலேயே போனை எடுத்தாள். மூச்சு வாங்குகிறதா, துறைமுகத்துப் பக்கம் லாரி அதிகமா என்று கேட்டாள். குரலில் அத்தனை உற்சாகம். அத்தான் அன்று சின்னப் பையனைப்போல் மிதித்தார்.

பூவாறில் அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமிருக்கவில்லை. பெயரைச் சொன்னதும் ஒருவர் கூடவே வந்து காட்டினார். அவர் முகம் எனக்கு ஏதோ சொல்லியது. முன்னறைச் சுவரில் அவள் படம் இருந்தது. மாலை போட்டு, சுற்றிலும் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா எங்களை உட்காரச் சொல்லி, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சேச்சி வருவாள் என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்ததைச் சொன்னார். பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்காவின் அழைப்பு வந்தது. எங்களுக்குப் பேச்சைத் தீர்மானித்துக்கொள்ள அவகாசம் இல்லை. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். "அவளைப் பாத்தீங்களா?" என்றாள்.

"வீட்டுல இல்ல. மருந்து ஏத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காளாம்" என்றார் அத்தான்.

"இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை அல்லே" என்றாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமையில் அங்கே யாருக்கும் மருந்து ஏற்றுவதில்லை என்பது எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். "சரி, வெயிலுக்கு முன்னாடி தேங்காப்பட்டணம் போயிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வழி அழகாகத்தான் இருந்தது. தேங்காப்பட்டணத்துப் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆற்றின் பச்சையும் கடலின் நீலமும் கலக்காமல் நின்றன. மணவாளக்குறிச்சியில் மணல் கறுத்துப் பளபளத்தது. முட்டத்து ஏற்றத்தில் பாதியிலேயே இறங்கி இருவரும் சைக்கிளை உருட்டினோம். ஒவ்வோரிடத்திலும் போன் பண்ணினோம். என் மனைவிதான் எடுத்தாள். அக்கா படுத்திருக்கிறாள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்றாள். மணக்குடிப் பாலத்தில் எதிர்க்காற்று சைக்கிளை அப்படியே நிறுத்தியது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். அவர் அழுகிறாரா, வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.

கன்னியாகுமரியில் சூரியன் இறங்கும் நேரத்தில் வீடியோவில் அழைத்தோம். அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் கடலையும் பாறைகளையும் கூட்டத்தையும் மெதுவாகக் காட்டினார். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். இன்னும் அந்தப் பக்கம் காட்டவா என்று அத்தான் கேட்டபோது, "மதி" என்றாள். அவ்வளவுதான்.

வேன் பிடித்துச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். சொல்ல எங்களிடம் எவ்வளவோ இருந்தது. மறுநாள் அத்தான் ஆரம்பித்தபோது, முழங்கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த சிகிச்சையில் அவள் கைபேசியை வாங்கவில்லை. வடக்கே வர்க்கலைப் பக்கம் ஒரு வழி போடலாமா என்று அத்தான் கேட்டார். நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற நாற்காலிக்காரர்களைப்போலவே அவளும் ஆனாள். மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறோம், அந்த அசதிதான் என்றார் டாக்டர். அப்படியும் இருக்கலாம். அந்தப் பயணம் முடியாமல் இருந்தவரை அவளுக்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்தது. முடித்துக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்று எனக்குத் தோன்றியது. இல்லை, பூவாறில் எரிந்த அந்தப் பல்புகளை எங்களோடு சேர்ந்து அவளும் பார்த்துவிட்டாளோ என்னவோ. அனுப்பியது அவள்தான். ஏன் அனுப்பினாள் என்று அவளிடம் கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.

பயணத்தைப்பற்றி அவள் பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. பங்குனி வெக்கையில், ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்திருந்தபோது கேட்டாள். "முட்டத்து ஏத்தத்துல உருட்டினீங்களோ?" அத்தான் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. ஆமாம் என்றார். "நானும் உருட்டியிருப்பேன்" என்றாள். அத்தான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆனி மழை தொடங்கிய வாரம் அக்கா போய்விட்டாள்.

இப்போது அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிறுகளில் நாங்கள் சங்குமுகத்திலிருந்து வேளிவரை நடப்போம். போன மாதம், காயல் கரையில் உட்கார்ந்திருக்கும்போது அவராகவே பேச்செடுத்தார். "மாப்ள, வடக்க ஒண்ணு பாப்பமா? பெருமாதுறைப் பாலம், அஞ்சுதெங்கு, வர்க்கலை, காப்பில். காப்பில்ங்கிற ஊர்ல ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல், கேட்டியா."

எப்போது போகலாம் என்று கேட்டேன்.

"தேதி ஒண்ணும் வைக்க வேண்டாம்" என்றார். "வழி மட்டும் பேசிக்கிட்டிருப்போம்."

சரி என்றேன். பெருமாதுறைப் பாலத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று அவர் ஆரம்பித்தார்.