அனுமதி கேட்கச் சொன்ன வரைபடம்

வீடுகளுக்கு வரைபடம் போடுகிற அவளை வீட்டில் எல்லோரும் அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு போடும் கையைக் குறை சொல்ல முடியாது. போட்டதை அனுப்பும்போதுதான் கால் தரையில் நிற்காது.

இது அக்காவுக்குக் கட்டுகிற வீடு. போன மாத விபத்துக்குப் பிறகு அக்காவுக்கு இனி சக்கர நாற்காலிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வாசல் படிகளுக்குக் காங்கிரீட் போட இருந்த காலையில்தான், படிகளை எடுத்துவிட்டுச் சரிவுப் பாதை வரைந்து முடித்தாள். படத்தைக் கிளவுடில் ஏற்றி மேஸ்திரிக்கு லிங்க் அனுப்பினாள். "வாசல் மாறியிருக்கு, படத்தைப் பாருங்கண்ணே" என்று கூடவே ஒரு வரி. அனுப்பியாயிற்று என்று நிம்மதியாகக் குளிக்கப் போனாள் மகராசி!

திரும்பி வந்தால் மேஸ்திரியின் குரல் பதிவு காத்திருந்தது.

"உங்ககூட எத்தனை வீடு கட்டியிருக்கேன்? இப்ப உங்க படத்தைப் பார்க்க நான் அனுமதி கேட்கணுமாம். எனக்கு ஏதோ கணக்கு வேற இல்லையாம். நல்லா இருங்கம்மா."

லிங்கைத் திறந்து பார்த்தாள். மின்னஞ்சல் கணக்கு வைத்து அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும்படியே அதை விட்டிருக்கிறாள். மேஸ்திரிக்கு மின்னஞ்சல்கூடக் கிடையாது. 'அனுமதி கோரவும்' என்று போன் சொன்னதை அவளே சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றி மறுபடி அனுப்பினாள். பார்க்கவில்லை. கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மனுஷன் ரோஷக்காரர். ஈரத் தலையோடு வீடு கட்டுகிற இடத்துக்கு ஓடினாள்.

அங்கே கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வாசல்..." மூச்சு வாங்கியது.

மேஸ்திரி முகம் கொடுக்கவில்லை. "அங்க இன்னும் கை வைக்கல. பின்பக்கத் தரைக்குத்தான் போட்டுட்டு இருக்கோம். வாசல் மாறியிருக்குன்னு எழுதிட்டீங்க. எப்படி மாறியிருக்குன்னுதான் பூட்டி வெச்சுட்டீங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் போனை வாங்கிப் புது லிங்கைத் தொட்டாள். ஒன்றும் கேட்காமல் படம் திறந்தது.

"தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சிடுங்க."

சிமென்ட் ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "ஓ, அக்காவுக்கா?" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை. "வாசல்ல படிக்கு அடிச்ச பலகையைப் பிரிங்கப்பா!" என்று ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவள் அங்கேயே மணல் குவியலில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உன் வீட்டுக்குள்ள நீயே போகலாம். யாரும் தூக்க வேண்டாம்."

"அதுக்கு ஏன்டி அழற?" என்றாள் அக்கா. அவள் குரலும் சரியாக இல்லை.