கார் பேட்டரியில் ஓடிய சர்வர்

அண்ணியை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அந்தக் கறுப்புப் பெட்டிதான். ஒரு தடித்த அகராதியின் அளவு இருக்கும்; உள்ளே விசிறி கிடையாது, சத்தமும் கிடையாது. மறைமலை நகரில் அவர் வேலை பார்த்த அலுவலகம் பழைய 'தின் கிளையன்ட்' கணினிகளைக் கழித்தபோது கேட்டு வாங்கி வந்தது. எங்கோ இருக்கும் பெரிய கணினியின் திரையைக் காட்டுவது மட்டுமே அதற்கு விதிக்கப்பட்ட வேலை. அதையே பலர் பயன்படுத்தும் ஒரு சர்வர் ஆக்கினால் என்ன என்று அண்ணிக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து இரும்புலியூர் வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அதன் முன் உட்கார்ந்துவிடுவார். தேவையற்ற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நீக்குவார். கடைசியில் அது குடும்பப் படங்களைச் சேமித்தது, விளம்பரங்களைத் தடுத்தது, எங்கள் தெருவுக்கென்று ஓர் அறிவிப்புப் பக்கத்தையும் நடத்தியது. தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். புதுக் கம்ப்யூட்டரே வாங்கலாமே என்று அண்ணன் அலுத்துக்கொண்டபோது, "எவ்ளோ கம்மியில ஓடும்னு பாக்கணுங்க" என்றார்.

ஒரு கார்த்திகை மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னலும் போய்விட்டது. அண்ணி காரின் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவரச் சொன்னார். பெட்டிக்கும் வைஃபை ரவுட்டருக்கும் அந்த மின்சாரமே போதுமாக இருந்தது. வெளியுலக இணையம் இல்லாவிட்டாலும் தெருவுக்குள் அறிவிப்புப் பக்கம் திறந்தது. போனை எங்கள் வைஃபையில் இணைக்கும்படி பக்கத்து மாடிக்குக் கத்திச் சொன்னோம். அவர்கள் அடுத்த மாடிக்குச் சொன்னார்கள்.

முதலில் பால், மெழுகுவத்தி என்றுதான் எழுதினார்கள். பிறகு எதிர்வரிசை டீச்சர் எழுதினார்: 'அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது.' அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எங்களுக்கு முகம்கூடத் தெரியாத கடைசி வீட்டுக்காரரிடமிருந்து, அதே மருந்து தன்னிடம் இருப்பதாகப் பதில் வந்தது. நானும் அண்ணனும் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் போய் வாங்கிக் கொடுத்தோம்.

தண்ணீர் வடிந்ததும் டீச்சர் வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணி பெட்டியைக் காட்டினார். "தெருவே உள்ள வந்தும் பாதி மெமரி சும்மாதான் இருந்துச்சு டீச்சர்" என்றார். டீச்சர் அழுகையோடே சிரித்துவிட்டார்.

அண்ணி இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். நான் தாம்பரத்தில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். போன மழையில் நெட் நின்றபோதுதான், மேல்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது. படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன்.