அட்சதை விழுந்த நாய்

மம்பா ஊரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பூடில் நாய் இருக்கிறது. போன வாரம் அந்த வீட்டுப் பெண் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "இதுக்கு முடியே கொட்டாது ஆன்ட்டி. வீடு சுத்தமா இருக்கும் லா," என்று பெருமையடித்தாள். எனக்குத் தெரியாதா? அப்படிக் கொட்டாத முடி ஒன்றுதான் அந்தக் காலத்தில் என் புருஷனை லாரியில் ஏற்றியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அது மலாய் நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்டபோது வந்த அவசரகாலம். லுக்குட்டுக்கும் புக்கிட் பெலண்டோக்குக்கும் நடுவில் எங்கள் ரப்பர் தோட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி அடித்து, ஒரே ஒரு கேட் வைத்து, வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் குற்றம். மரம் சீவப் போகிற ஆள் மத்தியானத்துக்குச் சோறு கட்டிக்கொள்ள முடியாது. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

எனக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் பெருக்கித் துடைக்கிற வேலை. பங்களா கம்பிக்கு வெளியே மேட்டில் இருந்தது. ஒரு நாள் அதன் சன்னலில் குண்டு பாய்ந்ததும் துரைசானி பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். நாயை மட்டும் விட்டுவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று, உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி. பூடில் சாதி என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். துரைசானி போன பிறகு அது ராத்திரி முழுக்க அழுதது. அந்தச் சத்தத்தில் காட்டுப் பக்கம் காலடிச் சத்தமே கேட்க மாட்டேனென்கிறது என்று பங்களாக் காவலர்கள் முறையிட, துரை என்னைக் கூப்பிட்டார். "ராத்திரி நாய் உன் வீடு. காலைல இங்க கொண்டா. சாவக் கூடாது," என்றார். எங்கள் துரைகளுக்கு வேலை வாங்குகிற அளவுக்குத் தமிழ் வரும்.

அப்படித்தான் அது எங்கள் ஒற்றை அறைக்குள் வந்தது. நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. என் புருஷன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இது நாயா ஆடா? பால் கறக்கலாமா?" என்றார். லயமே வந்து வேடிக்கை பார்த்தது.

தெரு நாயோடு வளர்ந்தவளுக்கு அதை வைத்துச் சமாளிப்பது லேசில்லை. தனியே ஒரு நிமிஷம் இருக்காது. குழாயடிக்குப் போனால் கூடவே வரும், கக்கூசுக்குப் போனால் கதவைப் பிறாண்டும். கொக்கியை மூக்கால் தள்ளித் திறக்க இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. தின்னும்போது நீளக் காதுகள் இரண்டும் தட்டுக்குள் விழும். ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த முடி. அது உதிராது, தொட்டதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். புல்விதை, குச்சி, எறும்பு, ரப்பர் இலையின் காம்பு, எது உள்ளே போனாலும் வெளியே வராது. துரைசானி கொடுத்துவிட்டுப் போன இரும்புச் சீப்பால் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் வார வேண்டும். ஒரு நாள் விட்டால் சிக்கு விழுந்துவிடும். என் தலையை நான் அப்படி வாரிக்கொண்டதில்லை.

ஆனால் பொல்லாத புத்தி அதற்கு. கேட்டில் நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதை ஒரு வாரம் பார்த்தது. அடுத்த வாரம் காக்கிச் சட்டையைக் கண்டதுமே தானும் பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. கேட்டில் இருந்த மலாய்க் காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயசானவர், நல்ல மனுஷர். நாயைத் தொட மாட்டார்; தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "போ, போ, நீ நல்ல ஆளு," என்பார். அந்தக் காலத்தில் அந்த கேட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் இந்த நாயால்தான்.

எதிர் லயத்தில் ஒரு கல்யாணம் வந்தது. ரேஷன் அரிசியில் ஒரு கைப்பிடி ஒதுக்கி, மஞ்சள் தடவி, அட்சதையாக ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். நாய் தனியே இருக்காதே, அதுவும் வந்து என் காலடியில் உட்கார்ந்திருந்தது. தாலி கட்டியதும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் போட்டோம். என் கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இந்த வாயில்லாப் பிராணியும் நல்லா இருக்கட்டும் என்று அதன் தலையில் போட்டேன். அது உடனே இரண்டு காலில் எழுந்து நின்றது. பெண்களெல்லாம் சிரித்து, ஆளுக்கு நாலு அரிசி அதன்மேலும் போட்டார்கள். பிறகு மொய், சாப்பாடு, பாட்டு. வீட்டுக்கு வந்தபோது எனக்குக் கால் வீங்கிப்போயிருந்தது. அன்றைக்கு மட்டும் நான் சீப்பை எடுக்கவில்லை.

காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. "நீ படு, பெரட்டுல பேரு குடுக்கப் போற வழியில நானே பங்களாவுல விட்டுட்டுப் போறேன்," என்று என் புருஷன் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முந்தின வாரம் புக்கிட் பெலண்டோக் சாலையில் கம்யூனிஸ்டுகள் ஒரு லாரியைச் சுட்டிருந்தார்கள். அதனால் அன்று கேட்டில் ஒரு புது வெள்ளைக்கார அதிகாரி நின்றிருந்தார். அவர் நாயைத் தடவிக் கொடுக்கத்தான் குனிந்தாராம். கையை எடுத்தபோது விரலிடுக்கில் மஞ்சள் அரிசி. மறுபடி தடவினார், மறுபடி அரிசி. முதுகில், கழுத்தில், காதுக்கு அடியில். எல்லாம் சேர்த்தால் ஒரு உள்ளங்கைக்குக்கூட வராது. மலாய்க் காவலர் பதறிப்போய், "பெராஸ் குஞிட், துவான்! மஞ்சள் அரிசி, கல்யாணம், கல்யாணம்!" என்று கத்தினாராம். மலாய்க்காரர்கள் கல்யாணத்திலும் மஞ்சள் அரிசி தூவுவார்கள், அவருக்குத் தெரியும். அதிகாரிக்குத் தெரியவில்லை. என் புருஷனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாய் மட்டும் வீட்டுக்கு ஓடி வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து நடந்ததைச் சொன்னார். போட்டது நான். வாராமல் விட்டதும் நான். ஆனால் கோபம் என்மேல் போகவில்லை. போயிருந்தால் நான் அன்றே செத்திருப்பேன். அது நாய்மேல் போயிற்று. அது வாலை ஆட்டிக்கொண்டு என் மடியில் ஏறப் பார்த்தது. கத்திரிக்கோலை எடுத்தேன். ஒரு கையால் கழுத்தை அமுக்கிக்கொண்டு, "சனியனே, சனியனே," என்று சொல்லிச் சொல்லி அடியோடு வெட்டினேன். அது கத்தவில்லை, நடுங்கிக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்குள் அந்த வெள்ளை முடியெல்லாம் சாக்கடையோரம் கிடந்தது.

மறுநாள் நாயை அக்காவிடம் விட்டுவிட்டு, பங்களாவுக்குப் போய்த் துரை காலில் விழுந்தேன். அவர் விசாரித்து வைத்திருந்தார். "ஆபீசர் சொல்லுது, அரிசி மேல போட்டா நாய் உதறும், கீழ விழும். இது யாரோ கையால உள்ள வச்சது. நீ போட்டுக் காட்டு, விழலன்னா அவன் நம்பும். நாளைக்கு நான் ஆபீசரைக் கூட்டிட்டு வரும்," என்றார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முடியை நான் வெட்டிவிட்டேன் ஐயா, என்று ஒரு வார்த்தை. என் புருஷனைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதைக் கத்திரிக்கோலால் நானே அழித்துவிட்டு வந்து நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சாக்கடையோரம் உட்கார்ந்து அந்த முடியைப் பொறுக்கினேன். கழுவினேன், வெயிலில் காயவைத்தேன். அக்கா என்னைப் பார்த்து, "பைத்தியமாடி ஒனக்கு?" என்றார். "ஒட்டணும்க்கா," என்றேன். "எதால ஒட்டுவ?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் கிழிந்ததையெல்லாம் நாங்கள் எதால் ஒட்டுவோம்? அக்கா அன்றைக்கு வாளியில் மிச்சமிருந்த ரப்பர் பாலை ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் முழுக்க நாயை மடியில் போட்டுக்கொண்டு, பாலைத் தடவி, கொத்துக் கொத்தாக முடியை வைத்து அழுத்தினேன். அது அவ்வப்போது என் கையை நக்கியது. முந்தின நாள் நான் செய்ததை அது மறந்துவிட்டதா, மன்னித்துவிட்டதா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

காலையில் துரையும் அதிகாரியும் கேட்டுக்கு உள்ளே வந்து நின்றார்கள். நாயைக் கொண்டுபோனேன். தூரத்தில் பார்க்க நாயாகத்தான் இருந்தது. காக்கிச் சட்டையைக் கண்டதும் வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் மஞ்சள் அரிசியை எடுத்து அதன்மேல் போட்டேன். கொஞ்சம் தங்கியது. பிறகு நாய் உடம்பை ஒரு உதறு உதறியது. முதுகிலிருந்து ஒரு பெரிய கொத்து கழன்று, ரப்பர் நூலில் தொங்கி ஆடியது. அதிகாரி குனிந்து அதைப் பிடித்து இழுத்தார். பாலாடை மாதிரி நீளமாக உரிந்து வந்தது. அடியில் மொட்டைத் தோல்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. அந்தக் கொத்தைத் துரையிடம் கொடுத்தார். துரை என்னைப் பார்த்து, "ஏன்?" என்று மட்டும் கேட்டார். கோபத்தில் வெட்டினேன், பயத்தில் ஒட்டினேன் என்று நான் சொன்னதை அவர் இங்கிலீஷில் சொன்னாரா, சொல்லவில்லையா தெரியாது. குற்றம் இல்லாதவள் எதற்கு முடியை வெட்டி மறைக்க வேண்டும்? யாராயிருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். அன்று மத்தியானமே என் புருஷனைத் தடுப்புக் காவல் முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளை பிறந்தது, பெண். அவர் பார்க்கவில்லை. துரைசானி திரும்பி வரவே இல்லை. நாயைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. ரப்பர் பாலை எண்ணெய் தடவித் தடவி எடுக்க ஒரு மாதம் ஆயிற்று. முடி மெல்ல வளர்ந்தது. நான் தினமும் வாரினேன். முழுசாக வளர்ந்த அன்று, வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பிடி அரிசியை அதன்மேல் போட்டுப் பார்த்தேன். அது உதறியது, ஓடியது, புரண்டது. ஒரு அரிசிகூட விழவில்லை. அதற்குள் அந்த அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து என் புருஷன் வந்தார். ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வெயில் நேரம். நாய்தான் முதலில் கண்டு ஓடியது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கேட்டுக்கு வெளியே இளைத்துப் பாதி ஆளாக நின்றிருந்தார். அதே மலாய்க் காவலர் கேட்டைத் திறந்துவிட்டு, "மாசோக், மாசோக், உள்ள வா," என்றார். சோதிக்க யாரும் கிட்டே போகவில்லை. ஆனாலும் என் புருஷன் உள்ளே வரவில்லை. அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். நாய் அவர் பக்கத்தில் போய், தானும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

காவலர் இந்தத் தடவை சிரிக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நாய் களைத்துத் தானாகவே இறங்கிவிட்டது. அவர் கையை நான்தான் பிடித்து இறக்கினேன்.