சீசன் விருந்தும் பிள்ளை நாற்காலியும்

போன வருடம் ஆடி மாதம், குற்றாலத்தில் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எங்கள் வீடு தென்காசியில். ஊர் பேரைச் சொன்னதுமே, "கொடுத்து வைத்தவர்கள், தினமும் அருவியில் குளிக்கலாமே" என்பார்கள். நாங்கள் எங்கே குளிப்பது? ஜூன் பிறந்ததும் சொந்தக்காரர்களின் ஃபோன் வர ஆரம்பித்துவிடும். நலம் விசாரிக்கிற மாதிரி, "தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். "விழுது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த ஞாயிறு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது.

என் கணவருக்கு வளைகுடாவில் வேலை. வீட்டில் நான், என் மாமியார், அப்போது இரண்டு வயது நிரம்பியிருந்த என் மகள், மூன்று பேர்தான். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாரம் முழுக்க ஊரார் பிள்ளைகளோடு கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று பார்த்தால், சீசன் மாதங்களில் அதுவும் கிடையாது. விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட்டு, அருவிக்குக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டிவந்து, ஈரத் துணிகளைத் துவைத்துக் காயப்போட வேண்டும். சாரலில் அவை காயவும் செய்யாது.

எங்களிடம் இருப்பது ஒரு சின்னக் கார். ஓட்டுவது நான்தான். அதன் பின் சீட்டில் இடது பக்கம், பிள்ளை உட்காரும் பட்டை வைத்த நாற்காலி ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். போன முறை லீவுக்கு வந்தபோது என் கணவர் அங்கிருந்து கொண்டுவந்து அவர் கையாலேயே மாட்டிவிட்டுப் போனது. வீடியோ காலில் வரும்போதெல்லாம், "பட்டைக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரல்தான் போகணும், பாத்தியா?" என்பார். பார்ப்பதற்கு நான் தயார்தான். பிள்ளை விட வேண்டுமே! நாற்காலியைக் கண்டாலே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். பிஸ்கட்டைக் காட்டி, பாட்டுப் பாடி, ஒரு கையால் வயிற்றை அமுக்கி, மறு கையால் பூட்டை மாட்டி நிமிர்வதற்குள் எனக்கு இடுப்பு கழன்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து, 'பெற்ற தாயா இவள்?' என்கிற மாதிரி பார்ப்பார்கள். என் மாமியாருக்கும் அந்த நாற்காலியைக் கண்டால் ஆகாது. "நாங்கல்லாம் பிள்ள பெத்து வளக்கலையா?" என்று முணுமுணுத்தபடியேதான் காரில் ஏறுவார்.

அந்த ஞாயிறு வந்தவர்கள் சிவகிரியிலிருந்து என் கணவரின் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகள். மாமனார் இல்லாத எங்கள் வீட்டில் சித்தப்பாதான் பெரியவர். நிலபுலன் பார்த்தே பழகிய மனுஷர், சொன்ன சொல்லுக்கு மறுசொல் கேட்டுப் பழக்கமில்லை. காலையில் நாற்காலியோடு எல்லோரும் ஒரே தடவையில் ஏற முடியாததால், அவர்கள் மூவரையும் முதலில் குற்றாலத்தில் இறக்கிவிட்டு, திரும்ப வந்து மாமியாரையும் பிள்ளையையும் கூட்டிப்போனேன். அந்தக் கூட்டத்தில் இரண்டு தடவை காரோட்டியதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சித்தப்பா ஆற அமர எண்ணெய் தேய்த்துக்கொண்டு, மெயின் அருவியில் ஒரு பாடு குளித்துவிட்டு வந்தார். வரும் வழியில் ஒரு பை நிறைய மங்குஸ்தான் வாங்கிக்கொண்டார். நாங்கள் கார் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் சாரல் மழையாகிவிட்டது. எல்லோரும் தெப்பலாக நனைந்திருந்தோம். பிள்ளைக்குத் தூக்கம் வேறு. துணி மாற்றிவிட்டு நாற்காலியில் வைத்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள், அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

சித்தப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்த நாற்காலியக் கழத்தி டிக்கியில போடு. எல்லாரும் ஒரே நடையாப் போயிருவோம். பிள்ள முன்னால எம் மடியில இருக்கட்டும், நான் கெட்டியாப் பிடிச்சிக்கிடுதேன்."

நான், "இல்ல சித்தப்பா, இன்னொரு நடை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"இந்த மழையில யாரு நிக்கது? ரெண்டு வயசுப் பிள்ளைக்குத் தனி நாற்காலி, பெரிய மனுசன் ரோட்டுல நிக்கணுமா? அஞ்சு நிமிசம் மடியில இருந்தா பிள்ள தேஞ்சா போயிரும்?"

அவருடைய முகம் சிவந்துவிட்டது. சித்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவகிரிக்குப் போய் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேச்சுக்குப் பயந்து மட்டும் நான் மனம் மாறவில்லை. அசதி. அவ்வளவுதான். பசி, ஈரச் சேலை, பின்னால் நிற்கிற வண்டிக்காரனின் ஹாரன், பிள்ளையின் அழுகை. இன்று ஒரு நாள்தானே, தென்காசி என்ன தொலைவா, எப்படியோ போகட்டும் என்று தோன்றிவிட்டது. பிள்ளையின் பூட்டை விடுவித்துவிட்டு, நாற்காலியைக் கழற்ற அதன் பின்னால் கையை விட்டேன்.

அப்போது என் மாமியார் குடையை விரித்தார்.

"கைய எடு" என்றார் என்னிடம். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "எம்மவன் பிளேன்ல தலையில சொமக்காத கொறையாக் கொண்டாந்து மாட்டுனது தம்பி அது. அதக் கொண்டுபோயி டிக்கியில போடவா? நீங்க உக்காருங்க. நான் பஸ்ல வாரேன்" என்றார்.

"மதினி, நீங்க எதுக்கு பஸ்ஸுல..."

"எனக்கு இவ கத்துத கத்துல மண்ட இடிக்கி. பஸ்ஸாவது நிம்மதியா இருக்கும்."

அவ்வளவுதான், செருப்பைச் சளக் சளக்கென்று அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார். பாதுகாப்பு கீதுகாப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகன் மாட்டியதை யாரும் கழற்றக் கூடாது, அவருக்கு அதுதான் கணக்கு.

பிள்ளையை மறுபடியும் உட்காரவைத்தேன். குளிருமே என்று சித்தி தடித் துண்டால் சுற்றிவைத்திருந்தார். துண்டோடு மாட்டினால் பட்டை லூசாகிவிடும். அதை எடுத்துவிட்டு, பட்டையை இழுத்து மாட்டி, விரலை விட்டுப் பார்த்துவிட்டு, துண்டை மேலே போர்த்தினேன். அவள் என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா முன் சீட்டில் உம்மென்று உட்கார்ந்தார். காரின் கீ கீ சத்தம் தாங்காமல் பெல்ட்டை மட்டும் போட்டுக்கொண்டார். மங்குஸ்தான் பையைப் பின்னால் வைக்கலாம் என்றதற்கு, "அங்கன வச்சா நசுங்கிரும், நான் பிடிச்சிக்கிடுதேன்" என்று மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பின்னால் பிள்ளைக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் மகளும் அடுத்து சித்தியும் இருந்தார்கள். அவர்களுக்கு பெல்ட் போடச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை, துணிச்சலும் இல்லை.

தென்காசி ரோட்டில் பாதி தூரம் வந்திருப்போம். நான் வேகமாக ஒன்றும் ஓட்டவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த சுற்றுலா வேன் ஒன்று, ரோட்டோரப் பழக்கடையைப் பார்த்ததும் அப்படியே நடு ரோட்டில் நின்றுவிட்டது. என் கால் பிரேக்கில் ஏறியதுதான் எனக்குத் தெரியும். ஈர ரோட்டில் கார் இழுத்துக்கொண்டே போய், வேனுக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

சித்தப்பாவின் மடியிலிருந்த பை அங்கே இல்லை. அது பறந்துபோய் முன் கண்ணாடியில் மோதிக் கிழிந்து, பழங்கள் எல்லாப் பக்கமும் சிதறின. ஒன்று உருண்டு வந்து என் காலடியில் நின்றது. சித்தி என் சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கு உதட்டில் லேசாக ரத்தம்.

பிள்ளையின் பக்கம் சத்தமே இல்லை. அந்த ஒரு கணத்தில் நான் செத்துப் பிழைத்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் பட்டைக்குள் இருந்தபடியே இருந்தாள். துண்டு மட்டும் நழுவியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுகை இனித்தது எனக்கு அன்றைக்குத்தான்.

பையைப் பிடித்திருந்த சித்தப்பாவின் கைகள் பிடித்த வாக்கிலேயே, வெறுமனே, அந்தரத்தில் நின்றன. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பிள்ளையைப் பார்த்தார். வீடு வருகிறவரைக்கும் அவர் ஒரு பழத்தைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை.

எங்களுக்குப் பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த மாமியார், நசுங்கிப் போன பழங்களைப் பார்த்து, "என்ன தம்பி இது?" என்று கேட்டார்.

"எண்ணெ தேச்ச கை மதினி, வழுக்கிட்டு" என்றார் சித்தப்பா. சித்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிரேக் போட்ட கதையை மாமியாரிடம் நானும் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, பிறகு ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

இந்த வருடமும் ஜூனில் சித்தப்பாவின் ஃபோன் வந்தது. "தண்ணி விழுதா?" என்றார். விழுகிறது என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பிள்ள நாற்காலி அங்கனேயே கெடக்கட்டும்மா. நாங்க வேன் பேசிட்டோம்" என்றார். சித்தப்பாவுக்கு என்ன வந்துவிட்டது என்று மாமியார் இன்னும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

என் மகள் வளர்ந்துவிட்டாள், அழுகை மட்டும் குறையவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, உடம்பெல்லாம் வலிக்க, கடைக்குத்தானே, இன்று ஒரு நாள் மடியிலோ சும்மாவோ உட்காரட்டும் என்று என் மனசு இப்போதும் கெஞ்சத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் அந்தரத்தில் நின்ற அந்த வெறும் கைகள் கண்ணுக்குள் வந்துவிடும், அவளிடம் அடி வாங்கிக்கொண்டே பூட்டை மாட்டி, ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் சாவியைத் திருகுகிறேன்.