கெட்டித் தாள்கள்

என் தம்பி மனைவி காலை முறித்துக்கொண்டது வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து. அவள் வேலை செய்யும் கல்லூரியில் இதை யாரும் நம்பவில்லை. நூலகர் என்றால் ஏணியிலிருந்துதான் விழ வேண்டும் போலும். மாணவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் அட்டவணை. எதைக் கேட்டாலும் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று யோசிக்காமல் சொல்வாள். வீட்டில் கண்ணாடி ஜாடியில் உப்பு பளிச்சென்று தெரியும். அதன் மேலும் ‘உப்பு’ என்று ஒட்டி வைத்திருப்பாள்.

நோயாளிகளைப் பராமரிக்க முறையாகப் பயிற்சி பெற்றவள் நான். ஆகவே அவளைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கால் வலிக்கு அவள் முனகவில்லை. முனகியது வேறொன்றுக்கு. அவள் விடுப்பில் இருந்தபோது, கல்லூரியின் கணினிப் பிரிவு பழைய மாணவர்களின் ஆய்வேடுகளை எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டது. இணையதளத்தில் ‘மின் களஞ்சியம்’ என்று ஒரு பொத்தானும் வைத்தாயிற்று. இனி காகிதம் எதற்கு? எடைக்குப் போட்டுவிட்டு, கீழ்த்தள அறையைக் கருத்தரங்கக் கூடமாக்கப் போகிறார்களாம். மறுநாள் லாரி வருகிறது என்று செய்தி வந்தது.

“என்னை அங்க கொண்டு போய் விடுங்க அக்கா.”

“மாவுக்கட்டு இன்னும் பிரிக்கல. டாக்டர் என்னைத்தான் திட்டுவார்.”

“வாங்கிக்குங்க. உங்களுக்கு அது புதுசா என்ன?”

சக்கர நாற்காலியில் வைத்து, புத்தக வண்டிக்காகப் போட்ட சரிவில் மெதுவாகக் கீழ்த்தள அறைக்கு இறக்கினேன். அறையில் ஈர வாடை. நூல் கயிற்றால் கட்டிய காகிதக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கணினிப் பிரிவுத் தலைவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, ஸ்கேன் செய்த தேதியும் எண்ணும்தான். ஒன்றைத் திறந்தாள். நேராக முன்னுரை. இன்னொன்று. அதுவும் அப்படியே.

“தலைப்புப் பக்கம் எங்க?”

“அது கெட்டித் தாள் மேடம். மெஷின்ல சிக்கிச்சு. அதனால முதல் சுற்றுல அதை மட்டும் ஸ்கேனர் கண்ணாடியில வச்சு எடுத்து, திரும்ப அந்தந்தக் கட்டுலயே வச்சிட்டோம். அப்புறம் கைக்கு வந்த வரிசையில உள்பக்கம் எல்லாம் எடுத்து, பழையபடி ஓரத்துல பின் அடிச்சுக் கட்டிட்டோம். தலைப்பு மொத்தமும் ஒரே ஃபைல்ல இருக்கு. வசதிதானே?”

அந்தக் கல்லூரியின் வழக்கப்படி எழுதியவர் பெயர், ஆண்டு, துறை எல்லாம் அந்தக் கெட்டித் தாளில் மட்டும்தான் இருக்கும். பிரசவ வார்டில் குழந்தைகளின் கையிலிருந்து பெயர்ப் பட்டைகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. எந்தத் தலைப்பு எந்த உடம்புக்கு என்று சொல்ல மிச்சமிருந்தது காகிதக் கட்டுகள் மட்டும்தான்.

கல்லூரி முதல்வர் வந்தார்.

“என்னம்மா, மாவுக்கட்டோட கிளம்பிட்டீங்க? களஞ்சியம் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். இது களஞ்சியம் இல்ல, குவியல்.”

“இணையதளத்துல பொத்தான் இருக்கே.”

“பொத்தான் யார் வேணா வைக்கலாம் சார். யார் எழுதினது, எப்ப, எதைப் பத்தினு ஒவ்வொண்ணுக்கும் விவரம் வேணும். தேடினா கிடைக்கணும். இன்னைக்கு இருக்கிற முகவரியிலயே பத்து வருஷம் கழிச்சும் இருக்கணும். இந்த மெஷின் செத்தா வேற எடத்துல பிரதி இருக்கணும். இதையெல்லாம் பாத்துக்க ஒரு ஆளும் இருக்கணும். இதுல எது இருக்கு? நீங்களும் இங்க படிச்சவர்தானே. உங்க ஆய்வேட்டைத் தேடுங்க.”

அவர் உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. ஆய்வுப் பொருளைத் தட்டினார். இல்லை. வரிசையாகக் கோப்புகளைத் திறந்தார். மண் பரிசோதனை, வங்கிக் கடன், யாரோ வளர்த்த மீன்கள். கடைசியில் சிரித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நானே நினைத்தேன்.

“மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு,” என்றாள் அட்டவணை.

அவர் குனிந்து தன் கட்டை எடுத்துத் தூசி தட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“நல்லவேளை சொன்னீங்க. இது என் வீட்ல இருக்கட்டும். லாரியை நிறுத்த முடியாதும்மா, கூடத்துக்குத் தேதி குறிச்சாச்சு.”

போய்விட்டார். தன் வீட்டு நோயாளிக்கு மட்டும் கட்டில் பிடித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பும் ஆட்களை ஆஸ்பத்திரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நாற்காலியை அலமாரிப் பக்கம் உருட்டினாள்.

“அக்கா, இந்தக் கட்டுங்களைப் பிரிங்க. கெட்டித் தாளையும் முதல் பக்கத்தையும் சேத்துக் கிழிங்க. முதல் பக்கத்தை வச்சு ஃபைலைக் கண்டுபிடிச்சிடலாம். மத்தது போகட்டும்.”

பக்கத்தின் ஓரத்தை மடித்த மாணவனை வெளியே நிற்கவைத்தவள் அவள். அன்று அவளே டர்ரென்று கிழித்தாள். கணினிப் பிரிவுத் தலைவர் தரையில் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தார். தன் பிழை அவருக்கு அதற்குள் புரிந்திருந்தது. மறுநாளும் விடிந்ததும் வந்து தொடர்ந்தோம். பாதி அலமாரிகளைக்கூடத் தாண்டவில்லை, லாரி வந்துவிட்டது.

“நகருங்கம்மா, இன்னொரு எடத்துல வேற லோடு இருக்கு,” என்றார் ஓட்டுநர்.

நகர்ந்தோம். தொடாத கட்டுகள் தொடாதபடியே ஏறின.

இப்போது முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, கிழித்த தாள்களைக் கோப்புகளோடு பொருத்தி ஒவ்வொன்றுக்கும் விவரம் ஏற்றுகிறாள். படு என்று சொல்ல முடிகிறது, படுக்கவைக்க முடியவில்லை. மற்ற பாதி அந்தப் பொத்தானுக்குள் அநாதையாகக் கிடக்கிறது. முதல்வருடையதும் அங்கேதான். கட்டோடு தூக்கிப் போய்விட்டாரே.

“அவர்கிட்ட அந்த ரெண்டு தாளைக் கேட்டு வாங்கேன்,” என்றேன்.

“எதுக்கு? தேடிக் கிடைக்கலைன்னா அவரே வருவாரு,” என்று அடுத்த தாளை எடுத்தாள்.